பிரெஞ்சு ஹார்ன்: பம்பர் மாற்றியபின் சத்தம் போனது, சுரம் அடைத்துக்கொண்டது

அரைச்சுரம்:
என் பிரெஞ்சு ஹார்னின் (பித்தளை ஊதுகருவி) 2-ஆவது வால்வு பல மாதங்களாகத் தட்டச்சு இயந்திரம் போலக் கடகடத்துக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் வால்வு திரும்பி நிற்கும் இடத்தில் மெத்தையாக இருக்கும் கார்க் பம்பர்கள் இரண்டும் கறுத்து, கல்லாக இறுகி, பள்ளத்துக்குள் அமுங்கிவிட்டன. வால்வோடு திரும்பும் தடுப்புக் கை நேராகத் தகட்டிலேயே மோதியிருக்கிறது. பழைய கார்க்கை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) துண்டுகளைத் திணித்தேன். சத்தம் அடியோடு நின்றது. ஆனால் இப்போது 2-ஆவது லீவரை அழுத்தி வாசிக்கும் சுரங்கள் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்குகின்றன. லீவரை விட்டால் தெளிவு. எண்ணெய் விட்டும் பலனில்லை. வால்வே தேய்ந்துவிட்டதா?

நீள்மூச்சு:
வால்வு ஒரே இரவில் தேயாது. பம்பர் தடிமனாக இருக்கிறது.

பழைய திருப்புளி:
மேலே சொன்னது சரி. பம்பரைச் சத்தம் தடுக்கும் மெத்தை என்று மட்டும் நினைத்துவிட்டீர்கள். ரோட்டர், அதாவது வால்வுக்குள் சுழலும் உருளை, எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்வதும் அதுதான். ரோட்டர் சரியாகக் கால் சுற்று, அதாவது 90 பாகை, திரும்ப வேண்டும். பம்பர் தடித்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். குழாயின் வாயும் ரோட்டரின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் காற்று விளிம்பில் இடிக்கும்.

வால்வின் பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே ரோட்டர் தண்டின் முனையிலும் அதைத் தாங்கும் பேரிங் தகட்டிலும் நுண்ணிய கோடுகள் தெரியும். அழுக்கேறியிருந்தால் துணியால் துடையுங்கள். லீவரைத் தொடாதபோது ஒரு ஜோடி கோடுகள் நேர்ப்பட வேண்டும், முழுக்க அழுத்தும்போது இன்னொரு ஜோடி. உங்களுக்கு இரண்டாவது ஜோடிதான் விலகியிருக்கும்.

லீவரை அழுத்திப் பிடித்தபடியே தடுப்புக் கை எந்தப் பம்பரில் இடிக்கிறது என்று பாருங்கள். அதை மட்டும் சீவுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம். புதுச் சவர பிளேடு, ஒரு தடவைக்கு ஒரு மயிரிழை. சீவியதும் கோட்டைப் பாருங்கள், மறுபடி சீவுங்கள். இதில் பொறுமை இல்லாதவர்கள் வீட்டில் நியோப்ரீன் துண்டுகள்தான் மிஞ்சும் (என் பெட்டியில் ஒரு கைப்பிடி இருக்கிறது).

நீள்மூச்சு:
கோட்டையும் முழுக்க நம்ப வேண்டாம். சில கருவிகளில் அதுவே சற்றுப் பிசகாக வெட்டப்பட்டிருக்கும். 2-ஆவது வால்வின் சிறு குழாயை உருவிவிட்டு, லீவரை அழுத்தியபடி கைவிளக்கடித்து உள்ளே பாருங்கள். துளையின் ஓரத்தில் பித்தளை பிறைபோல எட்டிப்பார்த்தால் இன்னும் சரியாகவில்லை.

தாழ்சுரம்:
கார்க்கிலேயே இருந்திருக்கலாம். கத்திக்குப் பணிகிறது, தொடும்போது மென்மையாக இருக்கிறது.

பழைய திருப்புளி:
கார்க் எண்ணெயை உறிஞ்சி அமுங்கிக்கொண்டே போகும். இன்று நேராக நிற்கும் கோடு சில மாதங்களில் நகர்ந்துவிடும். நியோப்ரீன் அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஆனால் திணிக்கும்போது வழுக்கட்டும் என்று எண்ணெய் தடவாதீர்கள், ஒரு துளி தண்ணீர் போதும்.

அரைச்சுரம்:
சீவினேன். மூன்றாவது தடவை கை சற்று அழுந்திவிட்டது; கோட்டைத் தாண்டிப் போய்விட்டது! அந்தத் துண்டை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்து மறுபடி தொடங்கினேன். இப்போது அழுத்தினாலும் விட்டாலும் கோடுகள் நேராக நிற்கின்றன, பிறையும் மறைந்துவிட்டது, சுரமும் திறந்துகொண்டது. ஒரே குறை: நடு லீவர் மற்ற இரண்டையும்விடத் தாழ்ந்து நிற்கிறது. இதற்கும் பம்பரைத்தான் சீவ வேண்டுமா?

பழைய திருப்புளி:
வேண்டாம், பிளேடைக் கீழே வையுங்கள். அது லீவரையும் தடுப்புக் கையையும் இணைக்கும் கயிற்றின் வேலை. தடுப்புக் கையில் கயிற்றை இறுக்கும் சிறு திருகைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரை மற்றவற்றின் மட்டத்துக்கு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். ரோட்டர் அசையக் கூடாது, லீவர் மட்டும்தான்.

அரைச்சுரம்:
மூன்றும் ஒரே மட்டம். நன்றி ஐயா. 1-ஆவது வால்வும் லேசாகத் தட்டத் தொடங்கியிருக்கிறது. இந்தத் தடவை மூடியை முதலில் கழற்றுகிறேன்.