பஸ்ஸில கேக்க ஒரு நல்ல ஹெட்போன் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருமலையில (திருகோணமலை) இருந்து கந்தளாய்க்கு தினமும் பஸ்ஸில வேலைக்குப் போய்வாறன். எஞ்சின் இரைச்சல், ஹோர்ன், டிரைவர் போடுற பாட்டு எல்லாத்துக்கும் நடுவில வீணை கேக்க ஆசைப்படுற ஆள் நான்.

இப்ப இருக்கிறது காதுக்கு மேல அமத்துற சின்ன ஹெட்போன். தம்பலகாமம் சந்தி வரமுதலே காது நோகும். கண்ணாடியும் போடுறனான், அதின்ர தண்டு ஹெட்போன் பஞ்சுக்குள்ள நெரிபட்டு, அந்த இடைவெளியால பாஸ் (அடித்தொனி) முழுக்க ஒழுகிப்போகுது.

காதைச் சுத்தி மூடுறதுதான் வேணும். ஓடியோ டெக்னிகா எம்40எக்ஸ் 240 கிராம், மின்தடை 35 ஓம்தான், அதால ஃபோனிலயே ஓடும். பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவும் பிடிச்சிருக்கு, ஆனா 250 ஓம் எடுத்தா ஃபோன் இழுக்காது, 32 எடுக்கோணும். பற்றரியில ஓடி வெளி இரைச்சலை அடக்கிற நொய்ஸ் கான்சலிங் வேண்டாம். சார்ஜ் போட மறக்கிற ஆள்.

சித்திரை வெயிலில தோல் பஞ்சு வேர்த்து ஒட்டுமோ? துணிப் பஞ்சு மாத்தினா வெளிச்சத்தம் உள்ள வருமோ? கண்ணாடி போடுற ஆக்கள் ஆராவது பாவிச்சிருந்தா சொல்லுங்கோ. கையில 40,000 ரூபா இருக்கு. பாவிச்சதெண்டாலும் பரவாயில்லை, திருமலையில போட்டுப் பாக்க ஏலுமெண்டா இன்னும் நல்லம்.