டாஷ்ஹண்ட் குட்டி எடுக்கும் முன் டெஸ்ட்: கோவையில் எங்கே?

வணக்கம். எங்கள் டாஷ்ஹண்ட் பெண் நாய்க்கு மூன்று வயது ஆகப்போகிறது. நிறம், சாம்பலில் கரும்புள்ளி போட்ட டாப்பிள். அடுத்த ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) ஒரே ஒரு முறை குட்டி எடுக்கலாம் என்றிருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் தன் ஆண் நாயைத் தருகிறேன் என்றார். அதுவும் டாப்பிள். “குட்டி சூப்பரா வரும்” என்கிறார்! டாப்பிளோடு டாப்பிள் சேர்த்தால், நாலில் ஒரு குட்டிக்கு அந்த நிறத்துக்கான ஜீன் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வர வாய்ப்பு. கண்ணும் காதும் பாதிக்கலாம். வேண்டாம் என்றுவிட்டேன்.

கோவை, திருப்பூர் பக்கம் டாப்பிள் அல்லாத ஆண் யாரிடமாவது இருக்கிறதா? முதுகு எக்ஸ்ரே கட்டாயம் பார்க்க வேண்டும், இந்த இனத்துக்கு முதுகெலும்பு டிஸ்க்தான் பெரிய தொல்லை. பரம்பரையாக வந்து பார்வையை மெல்லப் பறிக்கும் பிஆர்ஏ கண் நோய்க்குக் கன்னத்தின் உள்பக்கம் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) எடுத்து டிஎன்ஏ டெஸ்ட் செய்யும் லேப் எது? அப்புறம், ஹீட் சமயத்தில் இணை சேர்க்கச் சரியான நாளை அறியப் பார்க்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ரத்த டெஸ்ட் ரிசல்ட்டை அன்றைக்கே தரும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.