மறுமொழி: ‘கிரேடிங்’ – தரப்படுத்தலா, படிமாற்றமா?

> நம் தொழில்வழிச் சிகிச்சைக் கலைச்சொல் பட்டியலில் கிரேடிங்குக்குத் தரப்படுத்தல் என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். தரப்படுத்தல் வேண்டாம். காப்பிக்கொட்டையைச் சலித்து ஏ, பி, சி என்று பிரிப்பதைத்தான் ஏற்காட்டுப் பிள்ளைகள் நினைப்பார்கள். அன்றாடச் செயல்களைக் கொண்டே ஆளைத் தேற்றும் தொழில்வழிச் சிகிச்சையில் (ஆக்குபேஷனல் தெரபி) நாம் கூட்டிக் குறைப்பது செயலின் கடினத்தை. ‘படியேற்றம்’ என்றால் இறக்குவது விட்டுப்போகிறது. ஆகவே ‘படிமாற்றம்’ என்கிறேன்.

பக்கவாதத்தில் வலக்கை தளர்ந்த தோட்டத் தொழிலாளிக்குக் காப்பிப் பழம் பறிப்பது இலக்கு என்று வையுங்கள். முதலில் செயல் பகுப்பாய்வு. சரிவில் நிற்கவேண்டும், ஒரு கை கிளையை வளைத்துப் பிடிக்கவேண்டும், மறுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும் பழத்தைத் திருகி எடுக்கவேண்டும், காயை விட்டுப் பழுத்ததைக் கண் தேரவேண்டும். தொடக்கப் படி, நாற்காலியில் உட்கார்ந்து மேசையிலுள்ள எலுமிச்சையை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. அது கைவந்தால் நெல்லிக்காய், பிறகு காப்பிப் பழம். அதன்பின் உயரம்: மேசை மட்டம், மார்பு, தோள். நிற்பது அப்புறம், சரிவு கடைசி.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். மாணவர்கள் தவறுவது இங்கேதான். பழத்தையும் சிறிதாக்கி ஆளையும் நிற்க வைத்துவிட்டால், கைநழுவும்போது தடை விரலிலா காலிலா என்று பிரித்தறிய முடியாது. தோள் காதுப்பக்கம் ஏறினாலோ உடம்பு ஒருபக்கம் சாய்ந்தாலோ ஒரு படி இறக்குங்கள். பேசிக்கொண்டே சிரமமில்லாமல் செய்தால் ஏற்றுங்கள். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ் வலியுறுத்திய ‘அளவான சவால்’ இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

*

அம்மா, படிமாற்றம் எனக்குச் சம்மதம். ஆனால் ‘தகவமைப்பு’ பக்கத்திலேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தேர்வில் இரண்டையும் குழப்புவார்கள். உங்கள் எடுத்துக்காட்டிலேயே, கிளையைக் கொக்கியால் இழுத்து முளையில் கட்டி ஒரு கையால் பறிக்கச் செய்தால் அது தகவமைப்பு. கை தேறாவிட்டாலும் வேலை நடக்கும். படிமாற்றம் கை தேறுவதற்கு.

இன்னொன்று. அதே துறையைச் சேர்ந்த அமெரிக்கர் கீல்ஹாஃப்னர் 1980-இல் முன்வைத்த மனிதச் செயற்பாட்டு மாதிரியில் செயல்திறனோடு விருப்பும் பழக்கமும் சேர்ந்தே வருகின்றன, சூழலும் உண்டு. பழம் பறிக்கத் திரும்ப அந்தத் தொழிலாளிக்கு விருப்பமா, அல்லது வீட்டில் சமைப்பதா அவருக்கு முக்கியம் என்று கேட்டபிறகுதான் எலுமிச்சையை மேசையில் வைக்கவேண்டும். சொல்விளக்கத்தில் இந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள், பட்டியலில் ஏற்றிவிடலாம்.