அப்ரோச் லைட்: ‘வருவழி விளக்கு’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

இறங்க வரும் விமானிக்காகத் தரையில் நடப்பட்ட ‘அப்ரோச் லைட்’ விளக்குகளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் மடற்குழுவில் கேட்டதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அணுகல் ஒளியமைப்பு, தரையிறங்கு விளக்கு, வழிகாட்டு விளக்கு. மூன்றுமே எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இந்த விளக்குகள் எங்கே இருக்கின்றன, யாருக்கு என்ன செய்கின்றன என்று கொஞ்சம் பேசிவிடலாம். பொருளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பிடித்து இழுத்தால் மடல்தான் பெருகும்.

இவை ஓடுபாதையில் இருப்பவை அல்ல. ஓடுபாதை தொடங்குவதற்கு முன்னால், வெளியே, விமானம் வரும் திசையில் வரிசையாக நடப்பட்டவை. பன்னாட்டு விதிப்படி, முதல் வகைக் (கேட்டகரி 1) கருவித் தரையிறக்கத்துக்கான, அதாவது வெளியே சரியாகத் தெரியாதபோது கருவியை நம்பி இறங்குவதற்கான, முழு அமைப்பு 900 மீட்டர் நீளம். நடுக்கோட்டில் 30 மீட்டருக்கு ஒரு விளக்கு; ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து 300 மீட்டரில் குறுக்கே ஒரு வரிசை. எளிய அமைப்பு என்றால் 420 மீட்டரோடு முடிந்துவிடும். மதுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெருங்குடிப் பக்கம் கிழக்கு மேற்காகக் கிடக்கும் நம் ஓடுபாதை சுமார் 2,285 மீட்டர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு நீளத்துக்கு வெளியிலே விளக்குக்கு மட்டும் இடம் வேண்டும். ஓடுபாதை நீட்டிப்பு, நிலம் எடுப்பு என்று வருஷக்கணக்காகப் பத்திரிகையில் படிக்கிறோம். இந்த ஒல்லியான துண்டைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஏன் 900 மீட்டர்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். முதல் வகையில் விமானி 60 மீட்டர் உயரம் வரை கருவியை நம்பி இறங்கலாம். அந்த உயரத்தில் கண்ணுக்கு ஏதாவது தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி மேலே எழும்பிவிட வேண்டும். வழக்கமான 3 பாகைச் சரிவில், ஓடுபாதைத் தொடக்கத்தைச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டால், 60 மீட்டர் உயரத்தில் இருக்கும் விமானம் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் முன்னால் இருக்கிறது. இந்த வகையில் ஓடுபாதைப் பார்வைத் தொலைவு (ஓடுபாதை நெடுக எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற அளவு) 550 மீட்டர் இருந்தாலே இறங்க அனுமதி உண்டு. அதாவது அந்த நொடியில் ஓடுபாதை அவர் கண்ணில் படவே படாது. மூடுபனிக்குள் மூக்குக்கு முன்னால் தெரிவது இந்த விளக்குகளில் ஒரு பகுதி மட்டும்தான். அங்கிருந்து தொடக்கத்தைத் தொடப் பன்னிரண்டு நொடிபோல ஆகும். அதற்குள் நடுக்கோட்டில் இருக்கிறோமா, இறக்கை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, இறங்குவதா எழும்புவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இறக்கைச் சாய்வைச் சொல்வதுதான் குறுக்கு வரிசையின் வேலை. பனியில் அடிவானம் கிடையாது. குறுக்கே படுத்திருக்கும் ஒரு கோடு அந்த அடிவானத்தின் இடத்தில் நிற்கிறது. இதை 1940களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் கால்வெர்ட் என்ற பொறியாளர் யோசித்து வடிவம் கொடுத்தார். அவருடைய அமைப்பில் 150 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து குறுக்கு வரிசைகள். அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: தொலைவில் மூன்று மூன்றாக இருக்கும் நடுக்கோட்டு விளக்குகள் நெருங்க நெருங்க இரண்டாகி, கடைசி 300 மீட்டரில் ஒற்றையாகிவிடும். எண்ணிக்கையைப் பார்த்தே எவ்வளவு தூரம் பாக்கி என்று தெரிந்துவிடும். எழுத்தோ எண்ணோ தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம்.

‘தரையிறங்கு விளக்கு’ என்பதை முதலில் விலக்கிவிடலாம். அது விமானத்திலேயே பொருத்தியிருக்கும் லேண்டிங் லைட்டின் பெயர். இரவில் அவனியாபுரத்து மொட்டை மாடியில் நின்றால் நம்மை நோக்கி வரும் பளீர் வெளிச்சம் அதுதான். தரையில் இருப்பதற்கும் அதே பெயர் என்றால் விபத்து அறிக்கை ஒன்றை மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம். ‘வழிகாட்டு விளக்கு’ மிகவும் அகலம். விமானம் ஊர்ந்து போகும் டாக்ஸிவேயின் நீல நிற விளக்கும் வழிதான் காட்டுகிறது, இறங்கும் சரிவு சரியா என்று இரண்டு சிவப்பு இரண்டு வெள்ளையாகச் சொல்லும் பாப்பி (PAPI) விளக்கும் வழிதான் காட்டுகிறது.

‘அணுகல்’ மேல் நம் குழுவின் கோவை அன்பருக்கு உள்ள பிடிப்பு புரிகிறது. பொருள் நேராக இருக்கிறது. ஆனால் இணையத்தில் ஆக்ஸஸ் என்பதற்கு அது நிலைத்துவிட்டது. ‘அணுகல் விளக்கு’ என்றால் மோடத்தில் மினுக்குகிற விளக்கு என்று நினைக்க ஆள் இருக்கிறது.

என் பரிந்துரை ‘வருவழி’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. “வர்ற வழி” என்று நாம் தினமும் சொல்வதுதான், கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கிறது. வருவழி விளக்கு, வருவழி வேகம், வருவழி வரைபடம், இறுதி வருவழி என்று துறை முழுக்க நீட்டலாம். ‘வருவழி’ பாதையைக் குறிக்கிறதே, வரும் செயலைக் குறிக்கவில்லையே என்று குழுவில் இருக்கும் திருச்சி அம்மா கேட்கக்கூடும். நியாயம்தான். விளக்குகளைப் பொறுத்தவரை பாதைதான் முக்கியம் என்பதால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கூடவே வரும் சொற்களில் சில. ஓடுபாதை தொடங்கும் இடமான, பச்சை விளக்கு நிற்கும் த்ரெஷோல்டுக்குத் ‘தலைவாசல்’. ‘நுழைவாயில்’ வேண்டாம், டெர்மினல் வாசலோடு குழம்பும். இறங்குவதா எழும்புவதா என்று முடிவெடுக்கும் அந்த 60 மீட்டர், அதாவது டிசிஷன் ஹைட்டுக்கு, ‘முடிவு உயரம்’ என்றால் எங்கே முடிகிறது என்று கேட்பார்கள். ‘தீர்மான உயரம்’ நல்லது. தலைவாசலை நோக்கி நொடிக்கு இரண்டு முறை பாய்ந்து பாய்ந்து மின்னும் விளக்குகளை விமானிகள் ‘ரேபிட்’, அதாவது முயல், என்கிறார்கள். சித்திரைத் திருவிழாச் சீரியல் செட் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ‘ஓடொளி’ என்று வைக்கலாம். பேச்சில் ‘முயல்’ என்றே இருக்கட்டும். விமானம் தட்டினால் நொறுங்கிவிடும்படி செய்யப்பட்ட கம்பத்துக்கு ‘முறிகம்பம்’.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன். ‘பாரெட்’ என்பார்கள்: சில விளக்குகளை நெருக்கமாக வைத்து, தூரத்திலிருந்து ஒரே குட்டைக் கோடாகத் தெரியச் செய்வது. இன்னும் குறைந்த பார்வையிலும் இறங்க உதவும் இரண்டாம், மூன்றாம் வகை அமைப்பில் கடைசி 270 மீட்டருக்கு நடுக்கோட்டின் இரு பக்கமும் இவை சிவப்பில் வரும். ‘சரவிளக்கு’ என்றால் திருமண மண்டபத்துக்குப் போய்விடுகிறது. ‘விளக்குப்பட்டி’ என்று எழுதிப் பார்த்தேன். மதுரைக்காரர்கள் உசிலம்பட்டிக்கு அடுத்த ஊர் என்று பஸ் கேட்பார்கள். இதற்கு வேறு யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.