போரில் இருக்கும் உக்ரைன் சோயாவுக்கு ஏற்றுமதி வரி போடுவது சரியா?

செக்கடி:
கொஞ்ச நாளாக இது மண்டையைக் குடைகிறது. தினமும் ஏவுகணை விழும் நாடு, பென்ஷன் கொடுக்கவே வெளிநாட்டு உதவியை நம்பியிருக்கிறது, அப்படியென்றால் விளைந்ததை எல்லாம் விற்று டாலர் சேர்க்கத்தானே பார்க்கும்? ஆனால் 2025 செப்டம்பரில் சோயா, ரேப்சீட் (கடுகு இனம்) இரண்டுக்கும் 10% ஏற்றுமதி வரி போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம், உள்ளூர்த் தயாரிப்பு வாங்கினால் 10% பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு திட்டம். ஒரு பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர மனு, இன்னொரு பக்கம் இப்படி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்பு:
சூரியகாந்தியில் என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். 1999-இல் விதை ஏற்றுமதிக்கு 23% வரி போட்டார்கள், 2001-இல் 17% ஆக்கினார்கள், 2008-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு படிப்படியாக 10%-க்கு இறக்கினார்கள். விதை வெளியே போவது குறைந்ததால் உள்ளே மலிவாகக் கிடைத்தது, அதை நம்பி எண்ணெய் ஆலைகள் வந்தன, கடைசியில் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் உலகிலேயே முதல் இடம். 2022-இல் ஒடேசா துறைமுகம் முடங்கியபோது நம் ஊரில் எண்ணெய் விலை எகிறியதே, நாம் அவர்களிடம் வாங்கியது விதையை இல்லை, எண்ணெயைத்தான். ஆலைக் கூலி, புண்ணாக்கு, வரி எல்லாம் அங்கேயே தங்கியது. போர்க்காலத்தில் ஆலைகள் கட்டும் இந்த உள்நாட்டு வரி ரொம்ப முக்கியம், ஏனென்றால் பட்ஜெட்டுக்கு வரும் மேற்கத்திய உதவியில் பெரும்பகுதியை ராணுவத்துக்குச் செலவிட முடியாது. சிப்பாய் சம்பளம் உள்நாட்டு வரியிலிருந்துதான் வர வேண்டும்.

கதவைத் திறந்தும் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் இறக்குமதிக்குச் சுங்க வரியே வேண்டாம் என்றார்கள், பழைய கார்கள் வந்து குவிந்தன, ஜூலை 1-இல் பழையபடி வரியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பழைய துறைமுகம்:
வரப்பு சொல்வதில் விவசாயி எங்கே? 10% வரியை வியாபாரி தன் கையிலிருந்தா கட்டுவான்? கொள்முதல் விலையில்தான் கழிப்பான். தானே விளைவித்துத் தானே ஏற்றுமதி செய்பவருக்கும் கூட்டுறவுக்கும் விலக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. சரி, சின்ன விவசாயியிடம் கப்பல் நிரப்பும் அளவுக்குச் சரக்கு ஏது? அவன் தரகரிடம்தான் கொடுக்கிறான். அதுவும் தொடக்கத்தில், சொந்த விளைச்சல் என்று நிரூபிக்கும் நடைமுறையே தயாராக இல்லை, சரக்கு அனுப்ப முடியாமல் தேங்கியது. தெற்கே போர் நடந்த கெர்சோன், மிகோலாயிவ் பக்கம் கண்ணிவெடி அகற்றிவிட்டுத்தான் உழவே முடியும். அந்த ஆளிடமிருந்து எடுத்து ஆலை முதலாளிக்குக் கொடுப்பதை நாட்டுப்பற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செக்கடி:
இது நான் யோசிக்காத கோணம், நன்றி. அப்புறம், ஐரோப்பா இதற்கு என்ன சொல்கிறது?

வரப்பு:
அவர்களோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் ஏற்றுமதி வரியை ஏற்பதில்லை, அதனால் உரசல் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கமும் பாருங்கள். 2022 ஜூனில் உக்ரைன் பொருளுக்கு வரியை நீக்கினார்கள், அடுத்த ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றும் அதன் தானியத்துக்குத் தடை போட்டன. இடையில் ஒன்றியமே போட்ட கட்டுப்பாட்டைச் செப்டம்பரில் நீக்கிய பிறகும் அந்த மூன்றும் விடவில்லை. ஆலையில் பதப்படுத்தாமல் மூட்டையாக விற்கும் வரை அண்டை நாட்டு விவசாயியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான் என்பதை உக்ரைன் அரசு அங்கேதான் கற்றது. 2025 ஏப்ரல் 30-இல் அமெரிக்காவோடு போட்ட கனிம ஒப்பந்தத்திலும் பாருங்கள், முதலீட்டு நிதியம் இரண்டு நாட்டுக்கும் பாதிக்குப் பாதி என்றார்கள், நிலத்தடி வளத்தின் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய துறைமுகம் சொன்ன தரகர் பிரச்சினை உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். வரியை எடுப்பதைவிட, பத்து இருபது விவசாயிகள் சேர்ந்து அனுப்பினாலும் விலக்குச் சான்று அலையாமல் கிடைக்கும்படி செய்தால் பாதி வலி குறையும்.

பழைய துறைமுகம்:
அதைச் செய்யட்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சான்று நடைமுறையை முதலில் முடித்துவிட்டு வரியைப் போட்டிருக்க வேண்டும், அறுவடை நேரத்தில் இல்லை.