டோக்கன் டைமும் பில் டைமும்தான் இருக்கு, சர்வீஸ் டைம் எப்படி எடுக்கிறது?

வரிசைக்காரன்:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி பார்மசி டேட்டா வாங்கியிருக்கேன். ஒரே க்யூ, மூணு கவுன்டர். டோக்கன் எடுத்த டைம், பில் அடிச்ச டைம், கவுன்டர் நம்பர் எல்லாம் இருக்கு, ஆனா ஆளைக் கூப்பிட்ட டைம் எங்கயுமே பதிவாகல. பில்லுல இருந்து டோக்கனைக் கழிச்சா காத்துக்கிடந்த நேரமும் சேர்ந்தே வருது. போதாக்குறைக்கு மதியம் 1 மணிக்கு லாக் கட் ஆயிடுது, அப்ப கவுன்டர்ல நின்னவங்களுக்கு பில் டைமே கிடையாது. கைடு "எக்ஸ்பொனென்ஷியல்னு வச்சு ஓட்டுப்பா"ங்கறார், அதாவது சின்ன சர்வீஸ் நிறைய, நீளமானது போகப்போக கம்மின்னு ஒரு பரவல். ஓட்டலாமா?

ஓஆர்_அக்கா:
கவுன்டர் நம்பர் இருக்கில்ல, அப்ப பாதி வேலை முடிஞ்சுது தம்பி. அதே கவுன்டர்ல முந்தின பில் எப்ப அடிச்சாங்கன்னு பாரு. அந்த டைம், இவரோட டோக்கன் டைம், ரெண்டுல எது பிந்தினதோ அதான் சர்வீஸ் ஆரம்பிச்ச நேரம். உதாரணமா டோக்கன் 10:42:10, முந்தின பில் 10:48:05, இவரோட பில் 10:51:30ன்னா சர்வீஸ் 3 நிமிஷம் 25 செகண்ட், நீ கழிச்ச 9 நிமிஷம் 20 செகண்ட் இல்ல.

மதுர_ஆர்:
அக்கா சொல்றது சரிதான், ஆனா கவுன்டர்ல இருக்கறவர் அடுத்த ஆளை உடனே கூப்பிட்டாத்தான் அது செல்லும். நடுவுல டீக்கு எந்திரிச்சுப் போயிட்டா அந்த கால் மணி நேரமும் யாரோ ஒரு பாவப்பட்ட ஆளோட சர்வீஸ் கணக்குல ஏறிடும். அப்படி சந்தேகமா இருக்கற பதிவைத் தூக்கிப் போடாதீங்க ப்ரோ, "இவ்வளவு நேரத்துக்குள்ள முடிஞ்சது"ன்னு மட்டும் வச்சுக்கோங்க. 1 மணிக்கு கவுன்டர்ல நின்னவர் இதுக்கு நேர் எதிர், "இவ்வளவுக்கு மேல போச்சு"ன்னு தெரியும், அதையும் விடக்கூடாது, ஏன்னா அப்படி மாட்டுறது பெரும்பாலும் நீளமான மருந்துச் சீட்டுதான், அதை விட்டா சராசரி கீழ இறங்கிடும். இன்னும் க்யூவுலயே நிக்கறவங்க மட்டும் கணக்குல வேணாம், அவங்ககிட்ட சர்வீஸ் பத்தி ஒரு தகவலும் இல்ல. "மேல போச்சு" மட்டும்னா கப்லான்-மையர் (1958)ங்கற கணக்கிடும் முறை போதும், ரெண்டு வகையும் கலந்து வந்தா டர்ன்புல் (1976) முறை. ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல சர்வைவல் பேக்கேஜ் ரெண்டையும் பண்ணும்.

ஓஆர்_அக்கா:
எக்ஸ்பொனென்ஷியல் விஷயத்துல கைடு சொல்றதை கண்ணை மூடிட்டு கேக்காத. ஒரே கவுன்டர், பாய்சான் வரவு, அதாவது ஒருத்தரை ஒருத்தர் சாராம தற்செயலா ஆளுங்க வர்றாங்கன்னு வை, சராசரி சர்வீஸ் டைம் மாறாம எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் ஆச்சுன்னா, க்யூவுல காத்திருக்கற சராசரி நேரம் எக்ஸ்பொனென்ஷியல்ல வர்றதுல சரிபாதிதான். அவ்வளவு வித்தியாசம் வெறும் வடிவத்தால வருது. இஸ்ரேல்ல ஒரு பேங்க் கால் சென்டரோட 1999 டேட்டாவை அலசினப்ப லாக்நார்மல்தான் (மடக்கை எடுத்தா மணி வடிவம் வர்ற பரவல்) நல்லா பொருந்துச்சு. அதுலயும் பத்து செகண்டுக்குள்ள முடிஞ்ச கால் ஒரு கும்பலா வந்து நின்னுது, என்னடான்னு பாத்தா ஏஜென்ட்டுங்க ரெஸ்ட் எடுக்க கஸ்டமர் போனை கட் பண்ணியிருக்காங்க!

வரிசைக்காரன்:
சூப்பர்க்கா. வெறும் பில் டைம் மட்டும் இருந்திருந்தா?

ஓஆர்_அக்கா:
கைடு சொல்ற மாடல்லயே மாட்டியிருப்ப. பாய்சான் வரவு, எக்ஸ்பொனென்ஷியல் சர்வீஸ், சிஸ்டம் சீரான நிலைக்கு வந்துடுச்சுன்னா, வெளிய போறவங்களும் ஆளுங்க வர்ற அதே வேகத்துல பாய்சானாத்தான் போவாங்கன்னு பர்க்ங்கறவர் 1956லயே நிரூபிச்சுட்டார். கவுன்டர் வேகமா மந்தமான்னு அதுல இருந்து கண்டே பிடிக்க முடியாது. டோக்கன் டைம்தான் உன்னைக் காப்பாத்துது.

வரிசைக்காரன்:
இப்பதான் கவுன்டர்வாரியா பிரிச்சுப் பாத்தேன், ரெண்டாம் கவுன்டர்ல தினமும் பத்தரை வாக்குல ஒரு பெரிய கேப். டீயேதான் போல 😂 நேர்ல போய் பாத்துட்டு வந்து சொல்றேன்.