ஜெர்மன் எக்செலில் மேக்ரோ ஓடுமா என்று இங்கிருந்தே சோதிக்க வழி உண்டா?

கேள்வி: கோவைக்கணக்கன்

வணக்கம். மாதக் கடைசியில் பில் தொகையோடு சரக்குக் கட்டணத்தைக் கூட்டிப் போட எக்செலில் ஒரு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக ஆபீஸில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. போன வாரம் அதே ஃபைலை ஜெர்மனியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பினேன், அங்கே போனதும் வரிசையாகப் பிரச்சினை. முதலில் எரர் 9, அதாவது அந்தப் பெயரில் ஒன்று இல்லை என்கிறது. புதிதாகச் சேர்க்கும் ஷீட்டை நான் 'ஷீட்1' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அங்கே அது 'டபெல்லெ1' என்று பிறக்கிறது. அதைச் சரிசெய்து அனுப்பினால் வேறொரு வரியில் எரர் 1004. அதையும் தாண்டினால் எரரே இல்லை, ஆனால் கூட்டுத்தொகை தப்பு! 12.50 யூரோ சேர வேண்டிய பில்லில் 17 யூரோ சேர்ந்திருக்கிறது, 7.25 சேர வேண்டியதில் 32. இங்கே என் கணினியில் எல்லாம் சரியாக வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர்களிடம் அனுப்பிக் கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இதற்காக ஜெர்மன் எக்செல் தனியாக வாங்க வேண்டுமா?

பதில் 1: பழையபரணி

வாங்க வேண்டாம். நீங்கள் எழுதிய அந்த 17-லேயே விடை இருக்கிறது. சம் ஃபார்முலாவை மேக்ரோவில் சரமாக (எழுத்துத் தொடராக) ஒட்டி, நடுவில் கட்டணத்தை & போட்டுச் சேர்க்கிறீர்கள், சரியா? ஜெர்மன் விண்டோஸில் 12.5 என்ற எண்ணைச் சரமாக மாற்றினால் 12,5 என்றுதான் வரும், அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. ஆனால் மேக்ரோ வழியே செல்லுக்கு ஃபார்முலா கொடுக்கும் ரேஞ்சின் ஃபார்முலா பண்பு எந்த நாட்டிலும் ஆங்கில வழக்கத்தில்தான் படிக்கும், அதாவது காற்புள்ளி என்றால் அடுத்த மதிப்பு. அதனால் 12 ஒன்று, 5 ஒன்று என்று இரண்டையும் கூட்டி 17 ஆக்கிவிட்டது. 7-ம் 25-ம் 32. உங்கள் 1004-ம் இதே நோயாகத்தான் இருக்கும்; ரவுண்ட் மாதிரி இரண்டே மதிப்பு வாங்கும் ஃபங்ஷனுக்குள் இப்படி மூன்றாவது ஒன்று நுழைந்தால் எக்செல் ஏற்காது. எரர் கொடுத்தால் நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள், சம் மாதிரி வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வதுதான் ஆபத்து.

கட்டணத்தை ஒரு செல்லில் எழுதிவிட்டு ஃபார்முலாவில் அந்தச் செல்லைக் காட்டுங்கள், அதுதான் சுத்தமான வழி. முடியாவிட்டால் எண்ணைச் சரமாக்க சிஎஸ்டிஆர் ஃபங்ஷனுக்குப் பதில் எஸ்டிஆர், அது எப்போதும் புள்ளிதான் போடும்.

சோதிக்க, விண்டோஸ் ரீஜன் செட்டிங்கில் ஃபார்மட்டை ஜெர்மன் (ஜெர்மனி) என்று மாற்றி எக்செலை மூடித் திறந்தால் போதும். எக்செல் ஆப்ஷன்ஸ் உள்ளேயே தசமக் குறியை மாற்றும் இடம் ஒன்று இருக்கிறது, அதை நம்பிச் சோதிக்காதீர்கள். அது செல்லில் தெரிவதை மாற்றும், ஆனால் மேக்ரோவின் மொழியான விபிஏ எண்ணைச் சரமாக்கும்போது விண்டோஸைத்தான் கேட்கும்.

பதில் 2: நெய்தல்

மேலே சொன்னது பாதி வேலை. ரீஜன் வேறு, ஆபீஸின் மொழி வேறு. தசமக் குறி, தேதி எல்லாம் விண்டோஸிடமிருந்து வருகிறது; ஃபங்ஷன் பெயர், ஷீட் பெயர், பிழைச் சொல் எல்லாம் ஆபீஸின் மொழியிலிருந்து. உங்கள் 'டபெல்லெ1' ரீஜனை மாற்றினால் வராது. ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய் ஜெர்மன் டிஸ்ப்ளே மொழியைச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் 365-லும் ஆபீஸ் 2016-க்குப் பிந்தைய பதிப்புகளிலும் இந்த மொழிப் பேக் இலவசம்.

அப்புறம் சம் ஸும்மே ஆகிவிடும், விலுக்கப் ஸ்ஃபெர்வைஸ் ஆகிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம், எக்செலே மாற்றிக்கொள்ளும். அது மாற்றாமல் விடுவது மேற்கோள் குறிக்குள் இருப்பதை. டெக்ஸ்ட் ஃபங்ஷனில் வருடத்துக்கு நான்கு ஒய் போட்டிருந்தால் அங்கே வருடம் வராது, நான்கு ஒய்யே வந்து நிற்கும். அவர்களுக்கு அது நான்கு ஜே. இயர் ஃபங்ஷனுக்கு மாறிவிடுங்கள். இன்டைரக்ட் ஃபங்ஷனில் ஆர்1சி1 முறை (செல்லை வரிசை, நெடுவரிசை எண்களால் காட்டுவது) வைத்திருந்தால் அதுவும் உடையும், அங்கே அது ஜெட்1எஸ்1. செல்லின் டெக்ஸ்டை #என்/ஏ என்று ஒப்பிட்டால் மாட்டாது, அங்கே #என்வி. இஸ்எரர் வைத்துக் கேளுங்கள். கண்டிஷனல் ஃபார்மட்டிங்குக்கு மேக்ரோ வழியே கொடுக்கும் ஃபார்முலா விதிவிலக்கு, அது உள்ளூர் மொழியிலேயே கேட்கும். இது என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது.

கோவைக்கணக்கன்

இருவருக்கும் நன்றி. ரீஜனை மாற்றி ஓட்டினேன், என் மேசையிலேயே அந்த 17 வந்தது! பார்த்ததும் அவ்வளவு நிம்மதி. ஜெர்மன் பேக்கும் போட்டாயிற்று, ரிப்போர்ட் தலைப்பில் வருடம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஒய். இன்னொன்று, அவர்கள் தரும் சிஎஸ்வியை (மதிப்புகளை ஒரு குறியால் பிரித்து வைத்த எழுத்து ஃபைல்) மேக்ரோ திறந்தால் தொகைகள் இரண்டு நெடுவரிசைகளில் உடைந்து விழுகின்றன. கையால் திறந்தால் சரியாக இருக்கிறது.

பதில் 3: பழையபரணி

மேக்ரோ வழியே திறந்தால் சிஎஸ்வியை அமெரிக்க வழக்கத்தில் படிக்கும். ஒர்க்புக்ஸ் ஓப்பனில் லோக்கல் என்பதை ட்ரூ ஆக்குங்கள். சேமிக்கும்போது சேவ்ஆஸிலும் அதே. நம் ஊரிலும் இது கடிக்கும்: 03/04/2024 என்ற ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும், 25/04/2024 தேதியாகவே ஆகாமல் எழுத்தாக நிற்கும். ஆகவே சோதனை ஃபைலில் இந்த இரண்டு தேதிகளையும் வையுங்கள். தொகையில் 1,250.75 மாதிரி ஆயிரமும் பைசாவும் சேர்ந்த ஒன்று இருக்கட்டும். முழு எண்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எந்த ஊர் எக்செலிலும் சரியாகத்தான் வரும். விடைகளை ஆங்கில எக்செலில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, ஜெர்மனில் ஓட்டியதும் செல் செல்லாக ஒப்பிடுங்கள், மதிப்பை ஒப்பிடுங்கள், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல.